கதவடைக்கும் முன் மூன்று தடவை

எல்லோரும் சிரித்து முடித்த பிறகு ஒரு சிரிப்பு தனியாக வந்தது.

டிசம்பர் மாதத்து மதியம். விதர்கோம்ப் கிராமத்துத் தேவாலயத்தின் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஹிலரி பாஸ்க் வழக்கம்போல சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு ஊரை அறிமுகம் செய்துகொண்டிருந்தாள். ஈரக் கல்லின் வாசனை, அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனை, பாட்டுப் புத்தகங்களைத் தின்று கொழுத்த எலிகளின் வாசனை, இவற்றோடு மழையில் நனைந்த ஏழெட்டுக் கம்பளிக் கோட்டுகளின் வாசனையும் சேர்ந்து உள்ளே கனத்துக் கிடந்தது. அவள் கதையின் அந்த இடத்துக்கு வந்தாள். முன்னொரு பனிக்காலத்தில், பூட்டித் திறக்கும் வேலையில் இருந்த கோயில்பிள்ளை உள்ளே பார்க்காமல் கதவைப் பூட்டிவிட்டுப் போனான். ஜெபத்தில் இருந்த மாவுமில்காரன் மனைவி மாட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை திறந்தபோது அவள் உயிரோடுதான் இருந்தாள், திருவிருந்துத் திராட்சை ரசம்தான் ஒரு சொட்டு மிச்சமில்லை. அந்த ஒரு வாரம்தான் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்றானாம் மில்காரன்.

வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்தது. அதற்கப்புறம், வடக்குப் பக்கத்துச் சிறிய ஜெப அறையின் திரைக்குப் பின்னாலிருந்து, விஷயம் இப்போதுதான் எட்டியதுபோல, ஒரு வயதான ஆள் சிரித்தார். கரகரப்பான, மரியாதையான, சின்னச் சிரிப்பு.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹிலரி பார்த்தாள். திரை ஆடவில்லை. அந்தச் சிரிப்பை அவள் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். போன ஜனவரியில், இதே இடத்தில், இதே கதைக்கு.

மீதிப் பேச்சை வாய் பழக்கத்தில் பேசி முடித்தது. மில்காரன் மனைவி மாட்டிய அன்றிலிருந்து விதர்கோம்பில் கதவடைக்கிறவர் நிலைப்படியில் நின்று, உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லி முடிக்கிற நேரம் காத்திருக்க வேண்டும். பதில் வந்தால், பதில் சொன்னவர் வெளியே வரும்வரை சாவியைத் தொடக் கூடாது. நானூறு வருடமாக இது ஒரு நாளும் தவறியதில்லை என்றாள். அதைச் சொல்லும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தவறியிருக்கிறது. தவறவிட்டவள் அவள்தான்.

விதர்கோம்ப் அழகான ஊர். அழகைக் காப்பாற்றுவதுதான் அங்கே உண்மையான மதம். வேலிச்செடியை வெட்டாமல் விட்டவனை மன்னிக்க அந்த ஊருக்கு ஒரு தலைமுறை ஆகும். அப்படிப்பட்ட ஊரில், பள்ளி அலுவலக வேலையிலிருந்து ஓய்வுபெற்று, கணவனையும் அடக்கம் செய்துவிட்டுத் தனியாக இருந்தவளுக்குத் தேவாலயத்தின் சாவியும் அந்த அறிமுகப் பேச்சும் கிடைத்தது சாதாரண விஷயமில்லை. கடைத்தெருவில் அவளுக்கு வணக்கம் சொன்னார்கள். கோடைக்காலத்தில் வந்தவர்கள் கதவடைப்பைப் பார்ப்பதற்கென்றே காத்திருந்தார்கள். அவள் நிலைப்படியில் நிமிர்ந்து நின்று, குரலைக் கொஞ்சம் நடுங்கவிட்டுக் கூப்பிடுவாள். அவர்கள் படம் பிடிப்பார்கள்.

பார்க்க ஆள் இல்லாத நாட்களில் அது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. காலிக் கட்டடத்தைப் பார்த்துக் கத்துவதும், சொந்தக் குரல் கல்லில் மோதித் திரும்பி வருவதும் என்னவோபோல் இருக்கும். ஒரு நாள் சபை மூப்பர் காலின் டல் பின்னாலிருந்து கேட்டுவிட்டு, "என்ன ஹிலரி, செத்தவங்ககிட்ட வருகைப் பதிவு எடுக்கறியா?" என்று கிண்டல் செய்தார். அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மட்டுமே கூப்பிட்டாள்.

ஜனவரியில் அந்தப் புதன்கிழமை யாரும் பார்க்கவில்லை. வந்தவர்கள் பேச்சு முடிந்ததும் மழைக்குப் பயந்து மதுக்கடைக் கணப்பைத் தேடிப் போயிருந்தார்கள். அவளுக்குக் கால் சில்லிட்டிருந்தது, வீட்டில் தேநீர் குடிக்க வேண்டும் என்று இருந்தது. விளக்கை அணைத்தாள், கதவை இழுத்தாள், பூட்டினாள். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று பிற்பாடு எத்தனையோ முறை தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

ஜெப அறையில் மாரிஸ் ஹெப்டன் இருந்தார். லெஸ்டரில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்ப் பழைய தேவாலயங்களைப் பார்க்கிறவர். திரைக்குப் பின்னால் உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்ந்திருக்கிறார். உள்ளிருந்து திறக்க வழியில்லாத பழைய பூட்டு. மணிக்கயிறு இருந்த கோபுர அறைக்குத் தனிச் சாவி, அது காலின் வீட்டில் இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் கைபேசி எடுக்காது. குளிர்காலத்தில் தேவாலயத்தைப் புதனும் சனியும்தான் திறப்பார்கள்.

சனிக்கிழமை காலை பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. மழையில் மரம் உப்பிவிட்டது என்று நினைத்து ஹிலரி தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அந்தப் பக்கம் ஏதோ கனமாக, மெதுவாக, கல் தரையில் நகர்ந்தது. அந்தச் சத்தம் அவள் தோளில் இன்னும் இருக்கிறது. அவருடைய இரண்டு கைகளின் விரல் முட்டிகளிலும் தோல் இல்லை.

போலீஸ்காரர் அவளிடம் கூப்பிட்டீர்களா என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற காலின் முந்திக்கொண்டு, ஹிலரி கூப்பிடாமல் பூட்டவே மாட்டாள் என்றார். ஊரே தலையாட்டியது. அவளும், "மூணு தடவை கூப்பிட்டேன்," என்றாள். பொய் அவ்வளவு எளிதாக வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. செத்தவரின் கோட்டுப் பையில் காது கேட்கும் கருவி இருந்தது. அதன் பேட்டரி தீர்ந்திருந்தது. விஷயம் முடிந்துபோயிற்று. பாவம், அவருக்குக் கேட்டிருக்காது. ஊர்ப் பெண்கள் ஹிலரியின் வீட்டுக்குச் சூப்பும் கோழிக்கறி வைத்துச் சுட்ட ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்துத் தேற்றினார்கள். அவள் எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.

கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் போட வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் புராதனக் கதவில் ஒரு திருகாணி முடுக்க மறைமாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும், குழு கோடையில் கூடுவதில்லை, இலையுதிர் காலத்தில் கூடியபோது தாழ்ப்பாள் எந்தக் காலத்துப் பாணியில் இருக்க வேண்டும் என்பதில் சண்டை வந்துவிட்டது. மில்காரன் மனைவி கதையை ஹிலரி சில மாதம் விட்டிருந்தாள். பிறகு கூட்டம் சோர்ந்துபோவதைப் பார்த்து மறுபடி சேர்த்துக்கொண்டாள். இப்போதெல்லாம் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று தடவையும் கூப்பிடுகிறாள், காத்திருக்கிறாள். இதுநாள்வரை பதில் வந்ததில்லை. ஆனால் உள்ளே யாரோ காதுகொடுத்துக் கேட்கிறார்கள் என்று அவளுக்கு அடிக்கடி தோன்றியது.

இன்று அந்தச் சிரிப்பு.

வந்தவர்கள் கலைந்து போனார்கள். ஒரு பெண் மட்டும் போகவில்லை. நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். நனைந்த தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு ஜெப அறைத் திரையையே பார்த்து நின்றாள். ஹிலரி அருகே போனதும் தன் பெயர் ரூத் ஹெப்டன் என்றாள்.

ஹிலரி பக்கத்து இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். வருத்தம் தெரிவிக்கும் வார்த்தைகள் வாயில் தயாராக இருந்தன, அவற்றைச் சொன்னாள். ரூத் அவற்றைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, வரவே கூடாது என்றுதான் இருந்தேன், ஒரு விஷயம் தெரியாமல் தூக்கம் வரவில்லை, அதனால் வந்தேன் என்றாள். அப்பாவுக்கு அந்தச் சின்ன பேட்டரிகளை வாங்கிக் கொடுப்பது அவள் வேலை. அந்த வாரம் வாங்கினாள். கொண்டுபோய்க் கொடுக்காமல் காரிலேயே வைத்திருந்தாள்.

"வியாழக்கிழமை வீட்டுக்குப் போன் பண்ணினேன், எடுக்கல. காது கேக்கல போலன்னு எரிச்சலா இருந்துச்சு. கிழத்துக்கு எத்தனை தடவை சொல்றதுன்னு திட்டிக்கிட்டே வச்சேன். அந்த நேரத்துல அவரு இங்க கிடந்திருக்காரு, மிஸஸ் பாஸ்க்."

ஹிலரி தரையைப் பார்த்தாள்.

ரூத் கேட்டது ஒரே ஒரு உதவி. கருவி இல்லாமல் அப்பாவுக்கு எவ்வளவு கேட்குமோ அவ்வளவுதான் கேட்கும்படி காதில் வைக்க மெழுகு உருண்டைகள் கொண்டுவந்திருந்தாள். எத்தனை வைக்க வேண்டும் என்று காது வைத்தியரிடமே கேட்டிருக்கிறாள். அவர் உட்கார்ந்த இடத்தில் அவள் உட்காருவாள். ஹிலரி அன்றைக்குக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட வேண்டும்.

"அன்னைக்கு எப்படிக் கூப்பிட்டீங்களோ, அதே மாதிரி. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். எனக்குக் கேட்டுச்சுன்னா அவருக்கும் கேட்டிருக்கும். அவரு தூங்கிட்டாருன்னு மனசைத் தேத்திக்குவேன். கேக்கலன்னா..." அவள் தொப்பியைப் பிழிந்தாள். "கேக்கலன்னா தெரிஞ்சுபோயிரும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் கூப்பிடவே இல்லை. மூன்று வார்த்தை. ஹிலரி அதற்குப் பதிலாக, நேரமாகிவிட்டது, இருட்டப்போகிறது என்றாள். ரூத் வழியை மறித்துக்கொண்டு நிற்கவில்லை, அழவில்லை, கெஞ்சவும் இல்லை. அதனால் மறுக்க முடியவில்லை.

ரூத் திரைக்குப் பின்னால் போனாள். திரை மூடிக்கொண்டது. ஹிலரி நடுவழியாக வாசலுக்கு நடந்தாள். தெற்குப் பக்க வண்ணக் கண்ணாடி ஜன்னல்களின் சிவப்பும் நீலமும் தரையிலிருந்து வடிந்துகொண்டிருந்தன, தூண்களுக்குப் பின்னால் இருந்த சாம்பல் நிறம் இருக்கைகளுக்கு நடுவே மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, வெளியே கூரைக் குழாயிலிருந்து மழைத் தண்ணீர் கொட்டுவது யாரோ இடைவிடாமல் முணுமுணுப்பதுபோல் கேட்டது. உள்பக்கமாகச் சுவரோரம் திறந்து கிடந்த கதவின் அருகில், நிலைப்படியில் அவள் நின்றாள். அன்றைக்குக் கூப்பிட்ட மாதிரியே. அன்றைக்குக் கூப்பிட்டது எப்படி இருந்தது? அது அவளுக்கு எப்படித் தெரியும்?

"உள்ளே யாராவது இருக்கீங்களா?"

குரல் போய்ப் பீடத்தில் மோதித் திரும்பியது. அவள் மனதுக்குள் ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். மன்னிப்புக் கேட்கும் வரியில் தடைப்பட்டது. அடுத்த வார்த்தை வரவில்லை.

"இருக்கேன்மா."

மெல்லிய குரல். வயதான குரல். ஜெப அறைப் பக்கமிருந்து. இப்போதுதான் விழித்துக்கொண்ட, தூங்கிவிட்டதற்கு வெட்கப்படுகிற குரல்.

ஹிலரி ரூத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட நினைத்தாள். அவள் காதுகளில் மெழுகு. திரை ஆடவில்லை. இன்னும் இரண்டு தடவை பாக்கி இருந்தது, திரைக்குப் பின்னால் ஒருத்தி அதற்காகக் காத்திருந்தாள்.

"உள்ளே யாராவது இருக்கீங்களா?"

"வந்துட்டே இருக்கேன்."

இப்போது நடுவழியில். தோல் காலணி, ஒரு குதிகால் லேசாக இழுபடுகிற நடை. இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து வருகிற கைகளின் சத்தம். ஒவ்வொரு இருக்கையாக மரம் முனகியது. கண்ணுக்கு யாரும் இல்லை. சாம்பல் நிறம் மட்டும். ஜெபத்தின் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. சத்தம் அவளருகே வந்தது. தாண்டியது. நின்றது.

மூன்றாவதை அவள் கூப்பிடவில்லை. வாய் அசைந்தது, அவ்வளவுதான்.

சுவருக்கும் திறந்த கதவுக்கும் நடுவில், தரையோடு தரையாக, அந்தக் குரல் கேட்டது.

"பூட்டிடாதீங்கம்மா."

திரை விலகியது. ரூத் மெழுகை எடுத்தபடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன்."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும்," என்றாள் ஹிலரி.

ரூத் தலையை ஆட்டினாள். "எனக்கு ஒண்ணுமே கேக்கல. அப்ப நான்தான்." கையிலிருந்த மெழுகைப் பார்த்தபடி மறுபடி சொன்னாள். "நான்தான் அவரைக் கொன்னுட்டேன்."

இந்தப் பெண் எதையோ தூக்கிக்கொண்டு பதினோரு மாதமாக நடக்கிறாள், அது அவளுடையதல்ல. அதை வாங்கிக்கொள்ள ஒரு வார்த்தை போதும். ஆனால் அப்புறம் சாவி போகும். பேச்சு போகும். காலின், சூப்பு கொண்டுவந்த பெண்கள், கடைத்தெரு வணக்கம் எல்லாம் போகும். பொய் சொன்னவள் என்று ஆன பிறகு அந்த ஊரில் எந்த ஜன்னலின் முன்னாலும் நடக்க முடியாது.

"யார் தப்பும் இல்ல, ரூத். இப்படி நடக்கணும்னு இருந்திருக்கு."

சொல்லிவிட்டு அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ரூத் நன்றி சொன்னாள். நன்றி. பிறகு, அப்பா கிடந்த இடத்தில் கொஞ்ச நேரம் தனியாக நிற்கலாமா என்று கேட்டாள். ஹிலரி சரி என்றாள். கதவுக்குப் பின்னால் பார்க்காமல் தாண்டி வெளியே வந்து, வாசல் மண்டபத்தில் நின்றாள்.

மழை விட்டிருந்தது. கல்லறைகளுக்கு மேல் மூடுபனி இறங்கியிருந்தது. சாலையில் ஒரு விளக்குகூடத் தெரியவில்லை. அவள் கோட்டுப் பைக்குள் சாவியை இறுகப் பிடித்தாள். அது ஒரு சாண் நீள இரும்பு, எவ்வளவு நேரம் பிடித்தாலும் சூடாகாது.

உள்ளே காலடி.

ரூத் போட்டிருந்தது ரப்பர் காலணி. வரும்போது சத்தமே இல்லை. இது தோல். ஒரு குதிகால் இழுபட்டது. முன்பு போல மெதுவாக இல்லை. வேகமாக. வாசலைப் பார்த்து. இந்தத் தடவை தப்பவிடக் கூடாது என்கிற மாதிரி.

அவள் யோசிக்கவில்லை. கை யோசிக்கவில்லை. கதவை இழுத்தாள். சாவியைத் திருப்பினாள். இரும்பு இரும்பில் விழுந்தது.

உள்ளே காலடி நின்றது.

"மிஸஸ் பாஸ்க்? நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்."

இரண்டு தட்டு, தோள் உயரத்தில். அதற்குக் கீழே, கதவின் அடியில், வேறு ஒரு தட்டு. மெதுவாக. மிருதுவாக. தோலில்லாத முட்டியால் தட்டினால் அப்படித்தான் கேட்கும்.

ஹிலரியின் விரல்கள் சாவியில் இருந்தன. இடது பக்கம் திருப்பினால் போதும். திருப்பினால் ரூத் வருவாள். ரூத்தோடு அதுவும் வரும்.

"மிஸஸ் பாஸ்க், இருட்டா இருக்கு. என்ன பண்றீங்க? திறங்க." பிறகு, வேறு திசையில், வேறு குரலில். "அப்பா?"

தட்டு நின்றது. இரண்டும் நின்றன.

கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு. வார்த்தை புரியவில்லை. வயதான குரல், அவசரப்படாமல், எதையோ ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. நடு நடுவே ரூத், "ம்," என்றாள். "ம்." சின்னப் பிள்ளை கதை கேட்பதுபோல. அவர் என்ன சொல்கிறார் என்று ஹிலரிக்குத் தெரியும். உலகத்தில் அவள் கூப்பிடாமல் பூட்டிய அந்தக் கதை தெரிந்தவர்கள் இரண்டே பேர். இப்போது மூன்று பேர்.

பேச்சு முடிந்தது.

கதவின் மறுபக்கம், மரத்தோடு ஒட்டி, ரூத்தின் மூச்சு. பிறகு அவள் குரல். கோபம் இல்லை. அழுகை இல்லை. நிதானமாக, உரக்க.

"வெளியே யாராவது இருக்கீங்களா?"

ஹிலரி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே காத்திருந்தார்கள். ஒரு ஜெபம் சொல்லும் நேரம். ஒவ்வொரு வரியும் அவளுக்கு இப்போது நினைவுக்கு வந்தது. பதில் சொன்னால் திறக்க வேண்டும். திறந்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் மூச்சைக்கூட விடவில்லை.

"வெளியே யாராவது இருக்கீங்களா?"

கண்ணை மூடினாள். இன்னும் இறுக்கிப் பொத்தினாள். பற்கள் உள்ளங்கையில் பதிந்தன. உப்புக் கரித்தது. ஜெபம் நடந்தது. மன்னிப்பின் வரி வந்தது. போயிற்று. முடிந்தது.

மூன்றாவது தடவை கதவுக்கு உள்ளிருந்து வரவில்லை.

அவளுக்குப் பின்னால், மண்டபத்துக் கல் இருக்கையிலிருந்து யாரோ சிரமப்பட்டு எழுந்தார்கள். ஒரு குதிகால் இழுபட்டது. காதுக்கு மிக அருகில், மரியாதையாக, கரகரப்பாக.

"யாராவது இருக்கீங்களாம்மா?"

அவள் திரும்பவில்லை. பதில் சொல்லவில்லை.

ஈரமான, சில்லென்ற விரல்கள் தோளுக்கு மேலாக வந்து, அவள் வாயைப் பொத்தியிருந்த கையைத் தொட்டன. பிறகு அவள் விரல்களை, ஒவ்வொன்றாக, வலிக்காமல், பிரித்து எடுக்க ஆரம்பித்தன.